லைசென்ஸ், ஆர்.சி., வாழ்நாள் வரி: தமிழ்நாட்டில் எதற்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

வீட்டில் ஒருவர் ஆன்லைன் விண்ணப்பம் போடத் தெரிந்தவராக இருந்தால் போதும், தெருவில் பாதிப் பேர் அவரிடம்தான் வருவார்கள். எனக்கு அப்படித்தான் ஆயிற்று. எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) போடுவதில் தொடங்கி அப்பா பெயரில் இருக்கும் பழைய வண்டியை மகன் பெயருக்கு மாற்றுவது வரை, கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பார்த்தவரை, தொகை தெரியாததால்தான் பலரும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். சட்டம் சொல்லும் கட்டணம் பெரும்பாலும் நாம் பயப்படும் அளவுக்கு இல்லை.

"சட்டம் மாறிடுச்சு" என்கிறார்களே, எந்தச் சட்டம்?

இரண்டு சட்டங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

ஒன்று தமிழ்நாடு மோட்டார் வாகனங்கள் வரிவிதிப்புச் சட்டம், 1974. இது நம் சட்டமன்றம் போட்டது. இதற்கு 2023 அக்டோபரில் ஒரு திருத்தம் நிறைவேறி, அந்த ஆண்டு நவம்பர் 9 முதல் புதிய வரி விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. புது வண்டி வாங்கும்போது கட்டும் வாழ்நாள் வரியும் சாலைப் பாதுகாப்பு வரியும் இதில்தான் வருகின்றன.

இன்னொன்று மோட்டார் வாகனச் சட்டம், 1988. இது நாடாளுமன்றத்தின் சட்டம். லைசென்ஸ் யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, என்ன கட்டணம், வண்டியைப் பதிவு செய்ய எவ்வளவு என்பதெல்லாம் இதிலும் இதன் கீழ் வந்த மத்திய விதிகளிலும் இருக்கின்றன. இதை 2019இல் பெரிய அளவில் திருத்தினார்கள்.

அரசியலமைப்பிலேயே இந்தப் பிரிவினை இருக்கிறது. வாகனங்கள் மீதான வரி மாநிலப் பட்டியலில் 57ஆவது இனம். மோட்டார் வாகனங்கள் பற்றிய பொதுவான சட்டம் பொதுப் பட்டியலில் 35ஆவது இனம். அதனால் லைசென்ஸ் கட்டணம் கூடியதற்குச் சென்னையைத் திட்டுவதிலும், வாழ்நாள் வரி கூடியதற்கு டெல்லியைத் திட்டுவதிலும் அர்த்தம் இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் இரண்டு வேலையையும் ஒரே கவுன்ட்டரில் செய்வதால் நமக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது.

புது டூவீலர் வாங்கினால் வாழ்நாள் வரி எவ்வளவு?

2023 திருத்தத்துக்கு முன்பு விலை என்னவாக இருந்தாலும் 8 சதவீதம். இப்போது 1 லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம்.

95,000 ரூபாய் வண்டிக்கு முன்பு 7,600 கட்டியிருப்பீர்கள், இப்போது 9,500. அதே கடையில் 1,05,000 ரூபாய் மாடலைப் பார்த்து "பத்தாயிரம்தானே கூட" என்று எடுத்தால் வரி 12,600 ஆகிவிடும். அதாவது விலையில் 10,000 கூடும்போது வரியிலும் 3,100 கூடுகிறது. ஷோரூமில் இதை யாரும் தனியாகச் சொல்ல மாட்டார்கள், ஆன்-ரோடு விலை என்று ஒரே தொகையாகத்தான் சொல்வார்கள்.

காருக்கு?

முன்பு இரண்டே படிகள்: 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15. இப்போது நான்கு படிகள். 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, 20 லட்சத்துக்கு மேல் 20.

இதில் கவனிக்க வேண்டிய இடம் 10 லட்சம். வருமான வரி மாதிரி, எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று இங்கே கிடையாது. எல்லையைத் தாண்டினால் முழு விலைக்கும் புது விகிதம். 9,90,000 ரூபாய் காருக்கு 13 சதவீதத்தில் 1,28,700. 10,10,000 ரூபாய் காருக்கு 18 சதவீதத்தில் 1,81,800. விலை வித்தியாசம் 20,000, வரி வித்தியாசம் 53,100! சன்ரூஃப், பெரிய திரை என்று மேல் வேரியன்ட்டுக்குப் போகும் முன் இந்தக் கணக்கை ஒருமுறை பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

இது நியாயமா என்றால், எனக்கு உடன்பாடு இல்லை. வசதி உள்ளவர் கூடுதலாகக் கட்டட்டும் என்பது சரி. ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும் இரண்டு குடும்பங்களுக்கு இடையே வசதியில் அப்படி ஒரு வித்தியாசம் கிடையாது. தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் என்று வைத்திருக்கலாம்.

வரி, விலையில் சதவீதமாக இருப்பதால் விலை இறங்கினால் வரியும் இறங்கும். 2025 செப்டம்பர் 22 அன்று சிறிய கார்களுக்கும் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கும் ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. எல்லைக்குச் சற்று மேலே இருந்த சில மாடல்கள் அப்படிக் கீழ்ப் படிக்கு வந்திருக்கும். பழைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

ஆன்-ரோடு விலையில் வேறு என்னென்ன இருக்கும்?

கேட்டால் பிரித்துத் தருவார்கள், தர வேண்டும். வண்டி விலை, வாழ்நாள் வரி, சாலைப் பாதுகாப்பு வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ். சாலைப் பாதுகாப்பு வரி ஒருமுறை மட்டும், டூவீலருக்கு 375 ரூபாய், காருக்கு 2,250. இதுவும் 2023 திருத்தத்தில் கூடியதுதான். பதிவுக் கட்டணம் மத்திய விதிப்படி டூவீலருக்கு 300, சொந்தக் காருக்கு 600, ஸ்மார்ட் கார்டுக்கு 200. கடனில் எடுத்தால் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், வங்கியின் பெயரைப் பதிய டூவீலருக்கு 500, காருக்கு 1,500.

இதற்கு அப்புறம் 'ஹேண்ட்லிங்', 'ஆர்.டி.ஓ. செலவு' என்று பில்லில் ஏதாவது எழுதியிருந்தால் அது எந்தச் சட்டத்திலும் இல்லாத தொகை. பணிவாக, ஆனால் விடாமல், "இதுக்கு அரசு ரசீது தருவீங்களா?" என்று கேளுங்கள். என் தங்கைக்கு ஸ்கூட்டர் எடுத்தபோது இப்படி ஒரு தொகை பில்லில் இருந்தது. கேட்டோம், மேனேஜரிடம் போய் வந்தார்கள், எடுத்துவிட்டார்கள். கேட்காதவர்கள் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எலெக்ட்ரிக் வண்டிக்கு வரி இல்லைதானே?

பேட்டரி வண்டிகளுக்கு 100 சதவீத வரி விலக்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்து, அதை 2025 டிசம்பர் 31 வரை நீட்டித்தது. விலக்கு எப்போதும் ஒரு தேதியோடுதான் வரும், பதிவு ஆகும் நாளில் எது நடப்பில் இருக்கிறதோ அதுதான் கணக்கு. டெலிவரிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய மாடல் என்றால், அட்வான்ஸ் கட்டும் முன்பே அன்றைய நிலையைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது தவிர, ஆர்.சி. வழங்குவதற்கும் புதுப்பிப்பதற்கும் உள்ள கட்டணத்திலிருந்து பேட்டரி வண்டிகளுக்கு மத்திய அரசு 2021 ஆகஸ்டில் விலக்குத் தந்தது. அது தனி.

லைசென்ஸ் எடுக்க உண்மையில் எவ்வளவு செலவாகும்?

எல்.எல்.ஆர்.க்கு ஒரு வகை வண்டிக்கு 150, அதற்கான தேர்வுக்கு 50. பிறகு ஓட்டும் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300, லைசென்ஸ் வழங்க 200, கார்டு வடிவில் வர இன்னொரு 200. ஒரே ஒரு வகை வண்டிக்கு ஆக மொத்தம் 900. சேவைக் கட்டணம், தபால் செலவு இதோடு கொஞ்சம் சேரும். பைக், கார் இரண்டுக்கும் சேர்த்து எடுத்தால் 150ம் 300ம் இரட்டிப்பாகும். 2016 டிசம்பர் கடைசியில் வந்த விதித் திருத்தத்தில் வைத்த தொகைகள் இவை.

இதற்கு 6,000, 8,000 என்று கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கான சம்பளம் இருந்தால் சரி, அது உழைப்புக்குக் கொடுப்பது. ஓட்டத் தெரிந்தவர் "வேலை முடியணும்" என்று கொடுத்தால் அந்த வித்தியாசம் முழுக்க வீண்.

புரோக்கர் இல்லாமல் முடியுமா?

முடியும். மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் லைசென்ஸ் வேலைக்கு 'சாரதி', வண்டி வேலைக்கு 'வாகன்' என்று இரண்டு பகுதிகள். எல்.எல்.ஆர். விண்ணப்பம் அதிலேயே போடலாம். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் அரசு இ-சேவை மையத்திலும் போடலாம், 2024 மார்ச்சில் இந்த வசதி வந்தது, மையத்துக்கு 60 ரூபாய் சேவைக் கட்டணம். விண்ணப்பத்தை முடித்ததும் ஒரு எண் வரும். அதைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டி ரசீது வராமல் நின்றுவிட்டால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். அந்த எண்ணை வைத்துப் பணம் போனதா என்று அதே தளத்தில் சரிபார்க்கலாம்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். தேர்வு சாலை விதி, குறியீடுகள் பற்றிய எளிய கேள்விகள், 60 சதவீதம் சரியாக இருந்தால் பாஸ்.

எட்டு போடத் தெரியாமல் பயமாக இருக்கிறது.

பயம் எல்லோருக்கும் வரும். காலை வெயிலில் வரிசையில் நிற்கும்போது முன்னால் போனவர் காலை ஊன்றிவிட்டால் நமக்கும் கை நடுங்கும். என் தம்பி முதல் தடவை அப்படித்தான் கோட்டைவிட்டான். வீட்டில் அரைகுறையாகப் பழகிவிட்டுப் போனான், முதல் வளைவிலேயே சக்கரத்தைப் பார்த்தான், பார்த்த இடத்துக்கே வண்டி போயிற்று.

அப்புறம் ஒரு வாரம் கோயில் மைதானத்தில் சாக்பீஸால் எட்டு வரைந்து பழகினோம். முதல் கியர், ஒரே சீரான வேகம், ஆக்சிலேட்டரை முறுக்காமல் பின் பிரேக்கில் மட்டும் லேசாகக் கால். கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, அடுத்த வளைவின் நடுவில் இருக்க வேண்டும். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஹேண்டில் தானாகத் திரும்பும். எட்டின் இரண்டு வட்டங்களையும் இணைக்கும் நடு இடத்தில்தான் பலரும் கால் ஊன்றுகிறார்கள். அங்கே வேகத்தைக் குறைக்காமல் கடந்தால் போதும். இரண்டாம் தடவை பாஸ். மறு தேர்வுக்கு 300 ரூபாய்தான் போயிற்று, ஓட்டும் பழக்கம் நிலைத்துவிட்டது.

காருக்குப் போகிறவர்கள் ரிவர்ஸையும் மேட்டில் நிறுத்தி எடுப்பதையும் விட்டுவிடாதீர்கள். சீட் பெல்ட் போட்ட பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும், அதையும் பார்க்கிறார்கள்.

டிரைவிங் ஸ்கூல் சர்டிபிகேட் இருந்தால் ஆர்.டி.ஓ. தேர்வே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

2024 ஜூன் 1 முதல் அப்படி என்று பரவியது. புது விதி எதுவும் வரவில்லை என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகமே அப்போது விளக்கம் தந்தது. இருப்பது 2021 விதிதான்: அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்தில் முழுப் பயிற்சி முடித்துத் தேறியவருக்கு ஓட்டும் தேர்விலிருந்து விலக்கு உண்டு. அந்த அங்கீகாரத்துக்குப் பெரிய இடம், டிராக், சிமுலேட்டர் எல்லாம் வேண்டும். தெருமுனையில் போர்டு மாட்டியிருக்கும் சாதாரணப் பள்ளி அந்த வகையில் வராது. "எங்க சர்டிபிகேட் போதும்" என்று சொன்னால் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் எத்தனை வருடம் செல்லும்?

2019 திருத்தத்துக்குப் பிறகு வயதைப் பொறுத்தது. 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை. 30 முதல் 50க்குள் எடுத்தால் 10 வருடம். 50 முதல் 55க்குள் எடுத்தால் 60 வயது வரை. அதற்கு மேல் 5 வருடம். வாடகை வண்டி, லாரி ஓட்டுபவர்களுக்கு 5 வருடம், முன்பு 3 வருடமாக இருந்தது.

காலாவதி ஆனதைக் கவனிக்கவே இல்லை. இப்போது?

முதலில் வண்டியை நிறுத்துங்கள். காலாவதி ஆனாலும் 30 நாள் ஓட்டலாம் என்பது பழைய கதை. 2019இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய். அபராதத்தைவிட, அந்த இடைவெளியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்க இடம் கிடைக்கும். அதுதான் உண்மையான ஆபத்து.

காலாவதி தேதிக்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், கட்டணம் 200. தேதி தாண்டியும் ஒரு வருடத்துக்குள் போனால் மறு தேர்வு இல்லாமல் புதுப்பிக்கலாம், ஆனால் கட்டணம் 200க்குப் பதில் 300 ஆகும், அதோடு தாமதமான ஒவ்வொரு வருடத்துக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 1,000 ரூபாய் சேரும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் மருத்துவச் சான்றிதழ் (படிவம் 1ஏ) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு கைக்கு எப்போது வரும்?

2024 பிப்ரவரி கடைசியிலிருந்து லைசென்ஸும் ஆர்.சி.யும் விரைவுத் தபாலில் மட்டுமே வீட்டுக்கு வருகின்றன. ஆபீஸில் கையில் தர மாட்டார்கள். நல்ல மாற்றம்தான், வாசலில் நின்று கார்டு வாங்கித் தருவதாகப் பணம் கேட்பவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் விலாசமும் செல்போன் எண்ணும் துல்லியமாக இருக்க வேண்டும். வாடகை வீடு மாறியவர்களுக்குத்தான் சிக்கல். கதவு பூட்டியிருந்தால் கார்டு அதே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் திரும்பிவிடும், அப்புறம் அலைய வேண்டும்.

போனில் காட்டினால் போலீஸ் ஏற்றுக்கொள்வார்களா?

டிஜிலாக்கர் அல்லது எம்-பரிவாஹன் செயலியில் இருந்தால் செல்லும். 2018இலேயே மத்திய விதியைத் திருத்திவிட்டார்கள். கேலரியில் எடுத்து வைத்த போட்டோ செல்லாது.

வண்டிக்கு 15 வருடம் ஆகிவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா?

சொந்த வண்டி நல்ல நிலையில் இருந்தால் வேண்டாம். பதிவைப் புதுப்பித்தால் இன்னும் 5 வருடம் ஓட்டலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் டூவீலருக்கு 1,000, காருக்கு 5,000. வண்டிக்கு 20 வருடம் தாண்டியிருந்தால் 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி டூவீலருக்கு 2,000, காருக்கு 10,000. இதோடு மாநிலத்தின் பசுமை வரியும் உண்டு. தாமதித்தால் டூவீலருக்கு மாதம் 300, காருக்கு மாதம் 500 என்று ஏறிக்கொண்டே போகும். இரண்டு வருடம் மறந்த டூவீலருக்குத் தாமதக் கட்டணம் மட்டும் 7,200. சந்தையில் அந்த வண்டிக்கே அவ்வளவு விலை வருமா தெரியாது. ஆர்.சி.யில் இருக்கும் செல்லுபடி தேதியை இப்போதே எடுத்துப் பாருங்கள்.

பழைய வண்டியை விற்றுவிட்டேன். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை.

இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். பெயர் மாறும் வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். சலான் உங்கள் போனுக்கு வரும், விபத்து என்றால் நோட்டீஸும் உங்கள் வீட்டுக்கு வரும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். படிவங்கள் 29, 30. பெயர் மாற்றக் கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி, டூவீலருக்கு 150, காருக்கு 300. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். வாங்குபவரோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டு, அந்த எண் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

பத்தாவது படிக்கும் பையன் ஸ்கூட்டர் கேட்கிறான்.

16 வயதில் 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும், பெற்றோர் சம்மதத்துடன் லைசென்ஸ் உண்டு. ஷோரூமில் பார்க்கும் சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சிசிக்கு மேல், அதற்கு 18 ஆக வேண்டும். சிறுவர் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸே கிடையாது. கொடுக்காதீர்கள்.

அப்பா தவறிவிட்டார். வண்டி அவர் பெயரில் இருக்கிறது.

துக்கத்தில் இருக்கும்போது இதெல்லாம் யாருக்கும் தோன்றாது, அதனால்தான் எழுதுகிறேன். இறந்து 30 நாளுக்குள், வண்டியை யார் வைத்துக்கொள்ளப் போகிறார் என்று ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதம் வரை அந்த வண்டியை ஓட்டலாம், அதற்குள் படிவம் 31இல் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நடப்பில் உள்ள இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும், அதை முதலில் விண்ணப்பித்துவிடுங்கள்.

2021இலிருந்து ஆர்.சி.யிலேயே நாமினி பெயரைச் சேர்க்கும் வசதி வந்திருக்கிறது. புது வண்டி பதிவு செய்யும்போது கேட்டுச் சேர்த்துவிடலாம், பழைய வண்டிக்கும் வாகன் தளத்தில் சேர்க்கலாம். எங்கள் வீட்டில் அம்மாவின் ஸ்கூட்டருக்கு என் தங்கை பெயரைப் போட்டிருக்கிறோம்.